முழுக்குத் தொட்டியின் ஓரத்தில் செலஸ்தீன் அக்கா

1

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று, பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்திலிருந்து அக்கா வருஷா வருஷம் அனுப்பிவைக்கும் தினசரிக் காலண்டர். ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் கிறிஸ்தவத் திருநாள்களும் இருக்கும். மற்றது, ஆண்டுக் கடைசியில் தபால்காரர் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு அன்பளிப்பு வாங்கிக்கொண்டு போகும் பிரெஞ்சு அட்டை. அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் பெயர். காபி கலக்கும்போது இரண்டையும் பார்த்தால்தான் எனக்கு நாள் தொடங்கும். ஊரில் இன்று யாருடைய பெயர்த் திருநாள், யாருக்கு நினைவுப் பூசை என்று தெரிந்துகொள்ளாமல் பாரிஸ் புறநகர் ரயிலில் ஏற மனம் வராது.

இந்த ஆண்டு பெந்தெகொஸ்து ஞாயிறை இரண்டு காலண்டரிலும் சிவப்பு மையில் வட்டமிட்டவள் என் மகள் மிரியாம். வயது பதினேழு. எங்கள் பாப்டிஸ்ட் சபையில் அன்றைக்கு முழுக்கு, அதாவது தண்ணீரில் மூழ்கி எடுக்கும் ஞானஸ்நானம், எடுப்பதாக அவளே முடிவு செய்து, அவளே போய்ப் பாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பாஸ்டர் கேட்ட முதல் கேள்வி விசுவாசத்தைப் பற்றியதல்ல.

"துண்டு யார் பிடிப்பது?"

எங்கள் சபை வழக்கம் இது. முழுக்குத் தொட்டி மேடைக்கு அடியில் இருக்கிறது. பலகைகளைத் தூக்கினால் நாலு படி இறங்கும் தண்ணீர். முழுக்கு எடுப்பவர் நனைந்து ஏறி வரும்போது, அவர் விரும்பிக் கேட்ட ஒருவர் படியின் மேல் துண்டோடு நிற்பார். பெற்றவரோ நண்பரோ, யாராகவும் இருக்கலாம். சபை முழுவதும் பார்த்திருக்க, ஈர உடம்பை அவர்தான் முதலில் அணைப்பார்.

மிரியாம் யோசிக்காமல் சொன்னாளாம்: "என் அத்தை. பாண்டிச்சேரியில் இருக்கிறார்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவி ரெஜினா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். செலஸ்தீன் அக்கா கத்தோலிக்கர். சாதாரணக் கத்தோலிக்கர் இல்லை. விடியற்காலைப் பூசைக்குத் தவறாதவர். ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான், இரண்டாம் முறை எடுப்பது பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்ததை இன்றுவரை மறக்காதவர்.

"அவளுக்குத்தான் முதல் முறையே ஆகலையே" என்றேன். ரெஜினாவும் தலையாட்டினாள். அப்படித்தான் அன்றைக்கு நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

2

குருசுக்குப்பத்தில் பிறந்த ஒருவன் பாப்டிஸ்ட் சபையில் எப்படிப் போய் உட்கார்ந்தான் என்று ஊரில் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெஜினா பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள வீட்டுப் பெண். அந்தக் கல்யாணத்தால்தான் நான் இங்கே வந்தேன். ரெஜினா மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டும் வேலைக்குப் போனாள். அங்கே உடன் வேலை செய்த குவாதலூப் தீவுக்காரி ஒருத்தி, "ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பாடும் உண்டு" என்று கூப்பிட்டாள். சாப்பாட்டுக்குப் போனவள் பாட்டுக்கு நின்றாள். ஒரு வருஷத்தில் தொட்டிக்குள் இறங்கிவிட்டாள்.

நான் இறங்கவில்லை. குருசுக்குப்பத்துக் குழந்தையாக என் தலையில் ஊற்றிய தண்ணீர் எனக்குப் போதும் என்று தோன்றியது. ஆனால் ஞாயிறுதோறும் ரெஜினாவோடு போய்ப் பின்வரிசையில் உட்காருவேன். நாற்காலி அடுக்குவேன். என்னை யாரும் வற்புறுத்தியதில்லை. வற்புறுத்தி எடுக்கும் முழுக்கு முழுக்கே இல்லை என்பதுதான் அவர்களுடைய அஸ்திவாரம்.

இந்த ஒரு கொள்கையிலிருந்து எவ்வளவு கிளை பிரிகிறது என்பதைப் பல வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். நான் புரட்டிய சரித்திரப் புத்தகங்கள் இதை ராஜா, சிறை, நாடுகடத்தல் என்று சொல்கின்றன. ராஜாவுக்கு வரி கொடுப்போம், மனசாட்சியைக் கொடுக்க மாட்டோம் என்று சொன்ன இங்கிலாந்துக்காரர்கள் சிலர் கடல் தாண்டி ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடியதில் தொடங்கிய சபை இது. அவர்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது முதலில் ஒரு தொட்டில் பிரச்சினையாக வந்தது.

மிரியாம் பிறந்தபோது ரெஜினா தெளிவாகச் சொன்னாள்: "குழந்தைக்கு ஞானஸ்நானம் வேணாம். கிறிஸ்தவ வீட்டுல பொறந்ததால யாரும் கிறிஸ்தவங்க ஆயிட முடியாது. வளந்து அவளே கேக்கட்டும்." சபையில் குழந்தையைக் கையில் வாங்கி ஜெபம் செய்தார்கள். பிள்ளையை நல்லபடி வளர்ப்போம் என்று பெற்றோர்தான் வாக்குக் கொடுத்தோம். தண்ணீர் கிடையாது. ஞானத்தாயும் கிடையாது.

அந்தக் கடைசி விஷயம்தான் ரெட்டியார்பாளையத்தில் இடியாக இறங்கியது. ஞானத்தாயை எங்கள் வீட்டில் இன்னமும் பிரெஞ்சில் 'மரேன்' என்றுதான் சொல்வோம். கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா, தம்பி பிள்ளைக்கு மரேன் ஆவதற்காகவே காத்திருந்தார். சீட்டித் துணியில்லை, நல்ல பருத்தியில் வெள்ளைச் சால்வை ஒன்று வாங்கி, ஓரத்தில் நூல்வேலை செய்து பீரோவில் வைத்திருந்தார். மிரியாமுக்கு எட்டு மாதம் ஆனபோது நாங்கள் ஊருக்குப் போனோம். சால்வையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே வியப்பாக இருந்திருக்க வேண்டும்.

3

மிரியாம் அத்தையை வீடியோவில் அழைத்தாள். அவளுடைய தமிழ் எட்டு வயதோடு நின்றுபோன தமிழ். நடுவில் பிரெஞ்சு வந்து விழும். எங்களிடம் பேசுவது முழுக்கப் பிரெஞ்சுதான், அத்தையிடம் மட்டும்தான் தமிழ். அதிலும் எப்போதும் 'நீ'. எத்தனை தடவை திருத்தியும் மாறவில்லை.

"அத்தை, நீ வர்ற. டிக்கெட் அப்பா போடுவாரு. நான் தண்ணியிலேருந்து வெளிய வரும்போது நீ துண்டு வெச்சிக்கினு நிக்கணும்."

அக்கா அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பைலை மூடுவதற்கு முன் செய்வதுபோல.

"வர மாட்டேன்டி."

"ஏன்?"

"உனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சு."

"இன்னா ஆயிடுச்சு?"

"ஞானஸ்நானம். நான்தான் குடுத்தேன்."

ரெஜினா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். அக்கா நிதானமாகச் சொன்னார். அந்தத் தடவை நாங்கள் பிரான்சுக்குத் திரும்பிய நாள் காலை, ரெஜினா பெரிய மார்க்கெட்டுக்குக் கருவாடு வாங்கப் போயிருந்தாள். நான் சென்னைக்குப் போகக் கார் பேசப் போயிருந்தேன். அக்கா பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, சொம்புத் தண்ணீரைத் தலையில் மூன்று முறை ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார். சால்வையால் துடைத்துப் பவுடர் போட்டுக் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன்.

"அந்த உரிமைய உங்களுக்கு யாரு குடுத்தாங்கக்கா?" என்று ரெஜினா திரைக்கு முன்னால் குனிந்தாள்.

"ஆபத்துக் காலத்துல யாரு வேணும்னாலும் குடுக்கலாம்மா. எங்க ஞானோபதேசத்துல இருக்குது."

"குழந்தை நல்லாத்தானே இருந்திச்சு! இன்னா ஆபத்து?"

"இன்னா இப்படிக் கேக்கிற? எட்டு மாசக் குழந்தை ஆகாசத்துல பறந்து போவுது. ஒரு நாளா, அரை நாளா! அது ஆபத்து இல்லாம வேற எது ஆபத்து?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெஜினா முறைத்ததில் அடங்கினேன். மிரியாம் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. "ஏன் இவ்ளோ நாள் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லியிருந்தா உங்கம்மா உன்ன என் கையில குடுத்திருப்பாளா?"

பங்குச் சாமியாரிடமும் கேட்டுவிட்டாராம். பெற்றவர் சம்மதமில்லாமல் செய்தது தப்பு, ஆனால் செய்தது செல்லும் என்று சொல்லியிருக்கிறார். "தப்புக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். செல்லுறது செல்லும். ஒரு தடவ என்ட்ரி போட்டதுக்கு டூப்ளிகேட் போட முடியாது கண்ணு. நீ ரெண்டாவது எடுக்கிறத நான் தடுக்க முடியாது. ஆனா துண்டோட நிக்கிறது சாட்சிக் கையெழுத்து போடற மாதிரி. அத எங்கிட்டக் கேக்காத."

"சரி. கையெழுத்து வேணாம். வந்து உக்காரு. நீ வரலன்னா நான் எடுக்கல."

இதை அவள் மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

4

மிரியாம் அத்தையை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டாள் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு.

எங்கள் சபையில் கடைசிக் காலத்தைப் பற்றி ஒரே கருத்து கிடையாது. கிறிஸ்து வருவார் என்பதில் எல்லோரும் ஒன்று, எப்படி வருவார் என்பதில் ஆளுக்கொரு வரைபடம். மொசியே லூசியேன் என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவர் சுருட்டி வைத்திருக்கும் படத்தை விரித்தால் மிருகங்கள், எக்காளங்கள், அம்புக்குறிகள் எல்லாம் பஸ் ரூட் மேப் மாதிரி ஓடும். விசுவாசிகள் ஒரு நொடியில் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் இங்கேயே நின்று உபத்திரவப்படுவார்கள் என்பது அவர் கட்சி. பாஸ்டருக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. இருந்தாலும் தடுக்கமாட்டார். வேதத்தை அவரவர் படித்து அவரவர் முடிவுக்கு வரலாம் என்பதும் இவர்களுடைய கொள்கைதான்.

தேதிப் பைத்தியமான நான் லூசியேனிடம் ஒருமுறை கேட்டேன்: "இவ்வளவு வரைந்திருக்கிறீர்களே, எப்போது என்று ஒரு ஓரத்தில் எழுதக் கூடாதா?"

"பஸ் எப்போது வரும் என்று டிரைவரிடம் கேட்கக் கூடாது, மொசியே. ஸ்டாப்பில் நிற்க வேண்டும்" என்றார்.

இந்த லூசியேன்தான் அப்போது ஞாயிறு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மிரியாமுக்கு எட்டு வயது இருக்கும். அந்த வாரம் ரயில் வேலைநிறுத்தம். நான் வழியில் மாட்டிக்கொண்டேன். ரெஜினாவை மருத்துவமனையில் நிறுத்திவிட்டார்கள். மிரியாம் பள்ளி விட்டு வந்து சாவி போட்டுத் திறந்தால், சோபாவில் என் ஸ்வெட்டர் கைகளை விரித்தபடி கிடக்கிறது. கீழே செருப்பு ஜோடியாக இருக்கிறது. காலையில் அவசரத்தில் நான் போட்டுவிட்டுப் போனவை. ஆளை உருவி எடுத்ததுபோல் இருந்திருக்கிறது. அப்பா அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், தான் விடப்பட்டாள் என்று முடிவு செய்துவிட்டாள்.

அவள் போலீசைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை. போனை எடுத்து ரெட்டியார்பாளையத்தைக் கூப்பிட்டாள்.

"அத்தை, நீ இருக்கியா?"

"இருக்கேன்டி. ரசம் வெச்சிக்கினு இருக்கேன். ஏன் அழுவுற?"

"நீ இருக்கியா? நிஜமா இருக்கியா?"

"அட, இருக்கேன்டி! எங்க போயிடப் போறேன்?"

அவ்வளவுதான், அவளுக்குப் பயம் போய்விட்டது. லூசியேனின் வரைபடப்படி ஜெபமாலை உருட்டும் அக்காவுக்கு மேலே இடமுண்டா என்பதே சந்தேகம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் கணக்கு வேறு. யாரை எடுத்தாலும் முதலில் அத்தையைத்தான் எடுப்பார்கள். அத்தை அடுப்படியில் இருக்கிறார் என்றால் உலகம் இன்னும் முடியவில்லை. நான் வீடு வந்து சேரும்வரை அக்கா போனை வைக்கவில்லை. ரசம் கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்துபோனதை இன்றும் சொல்லிக்காட்டுவார்.

5

அக்கா வர ஒப்புக்கொண்டார். விசாவுக்கு முன் மேரியில், அதாவது எங்கள் ஊர் நகராட்சியில், விருந்தாளியை ஏற்கிறோம் என்று சான்று வாங்க வேண்டும். சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம், விருந்தாளி எந்த அறையில் படுப்பார் என்பது வரை கேட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் வருகையின் காரணம் கேட்டாள்.

"மகளுடைய ஞானஸ்நானம்."

அவள் முகம் மலர்ந்தது. "எத்தனை மாதம்?"

"பதினேழு வயது."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு, "குடும்ப விழா என்று போட்டுக்கொள்கிறேன்" என்றாள். மதம் அரசாங்கத்தின் விஷயமில்லை என்பதில் பிரெஞ்சுக் குடியரசுக்கும் பாப்டிஸ்டுகளுக்கும் சண்டையே வராது. ஒருவர் மதத்திடமிருந்து அரசைக் காப்பாற்றப் பார்க்கிறார், மற்றவர் அரசிடமிருந்து மதத்தை.

வந்த மறுநாளே அக்கா இங்குள்ள அரசியலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். தேர்தல் சமயம், தெருவெல்லாம் சுவரொட்டி.

"உங்க பாஸ்டர் யாருக்குப் போடச் சொல்றாரு?"

"சொல்ல மாட்டாருக்கா. ஒருத்தர் எழுந்து கேட்டாரு. மேடை வேதத்துக்கு, ஓட்டு அவங்கவங்க மனசாட்சிக்குன்னுட்டாரு."

"நம்ம ஊர்ல எலக்‌ஷன் வந்தா வேட்பாளர் எல்லாம் கோயில் வாசல்ல வந்து நிக்கிறானுங்களே. இங்க யாரும் வரலையா?"

"வந்தா நாற்காலி அடுக்கச் சொல்லுவாங்க."

எல்லா ஊர் பாப்டிஸ்டுகளும் இப்படியில்லை என்பதையும் சொன்னேன். அமெரிக்காவில் இதே பெயரோடு கட்சி மேடையாகவே ஆகிவிட்ட சபைகளும் உண்டு. எங்களுடையது ஏழைச் சபை, சிறிய சபை. அதற்குப் பிஷப் கிடையாது. பாஸ்டர் சம்பளத்திலிருந்து கூரை ஒழுகல் வரை அங்கத்தினர் கை தூக்கித்தான் முடிவு.

"நீ யாருக்குத் தூக்குவ?"

"எனக்கு ஓட்டு இல்லக்கா. முழுக்கு எடுத்தவங்களுக்குத்தான் ஓட்டு. ரெஜினாவுக்கு இருக்கு."

அக்கா தோசைக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு ரெஜினாவைப் பார்த்தார். "புருஷன்தான் குடும்பத்துக்குத் தலைன்னு உங்க சபையில பிரசங்கம் பண்றாங்கன்ற. தலைக்கு ஓட்டு இல்ல, கழுத்துக்கு ஓட்டு. நல்லாத்தான்டி இருக்குது உங்க சபை!"

அந்தக் காணொளி அழைப்புக்குப் பிறகு ரெஜினா அக்காவோடு சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான். அதன் பிறகு இருவரும் சேர்ந்து தோசை சுட்டார்கள். சொம்புத் தண்ணீர் விஷயத்தை யாரும் எடுக்கவில்லை.

6

அதை மிரியாமே எடுத்தாள், சபைக் கூட்டத்தில்.

முழுக்குக்கு முந்தின வாரம் விண்ணப்பித்தவர் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அங்கத்தினர் கை தூக்குவார்கள். அக்கா என் பக்கத்தில், பின்வரிசையில், கைப்பைக்குள் ஜெபமாலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிரெஞ்சு நன்றாகவே தெரியும். கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்த, இங்கே இப்போது யாரும் பேசாத அழகான பிரெஞ்சு.

மிரியாம் எதையும் மறைக்கவில்லை. சிறுவயதுப் பயம், ஸ்வெட்டர், தொலைபேசி, ரசம். பிறகு ரெட்டியார்பாளையத்துச் சொம்பு. "அதை என் ஞானஸ்நானம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் கேட்டதல்ல. ஆனால் எனக்காக ஒருவர் அவ்வளவு பயந்திருக்கிறார். அதை ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன்."

முன்வரிசையில் ஒரு பெரியவர் கையுயர்த்தினார். கெட்ட மனிதர் இல்லை, கறாரானவர். "அது மூடநம்பிக்கை என்று மகள் வெளிப்படையாகச் சொன்னால் நல்லது. சொம்புத் தண்ணீரில் என்ன இருக்கிறது?"

அக்கா எழுந்துவிட்டார். நான் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்ததைக் கண்டுகொள்ளவில்லை.

"ஐயா, மன்னிக்க வேண்டும். அது கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர்."

முதலில் சிரித்தவர் லூசியேன். பிறகு கூடமே சிரித்தது. அந்தப் பெரியவரும் சிரித்தார். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேறு கேள்வி உண்டா?" என்றார். இல்லை. எல்லாக் கையும் உயர்ந்தது. ரெஜினாவின் கை எல்லோருக்கும் முன்னால். என் கையும் பாதிவரை எழுந்துவிட்டது, பக்கத்திலிருந்த அக்கா தட்டி இறக்கினார். "உனக்குத்தான் இல்லையே."

வீட்டுக்கு நடக்கும்போது, "இப்ப இன்னாக்கா சொல்றீங்க?" என்று ரெஜினா மெதுவாகக் கேட்டாள்.

"சொன்னதுதான் ரெஜினா. உக்காருவேன். துண்ட நீ புடி. பெத்தவ நீ."

7

பெந்தெகொஸ்து ஞாயிறு காலை தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டு, பிரெஞ்சு அட்டையில் சிவப்பு வட்டத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். குருசுக்குப்பத்துக் கோயிலில் அதற்குள் பூசை முடிந்து வாசலில் இட்லிக் கடையும் காலியாகியிருக்கும். அக்கா விடியற்காலையிலேயே பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தார். கைப்பை வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது.

மேடைப் பலகைகளை எடுத்திருந்தார்கள். பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். மிரியாம் வெள்ளை அங்கியில் படியிறங்கினாள். தண்ணீர் தொட்டதும் உடம்பு ஒருமுறை உதறியது. பக்கத்தில் அக்கா "ஹீட்டர் போடலையா இவங்க?" என்று முணுமுணுத்தார். ரெஜினா படிக்கு மேலே நீலத் துண்டை விரித்துப் பிடித்து நின்றாள்.

பாஸ்டர் கேட்டார், மிரியாம் பதில் சொன்னாள். அவர் ஒரு கையை முதுகிலும் ஒரு கையை மார்பின் மேலும் வைத்து அவளைப் பின்னால் சாய்த்தார். தலை முழுவதும் தண்ணீருக்குள் போனது. அக்காவின் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மேலே வந்தபோது முடியெல்லாம் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. சபை பாடத் தொடங்கியது. அவள் முதல் படியில் கால் வைத்தாள், தடுமாறினாள், கண்ணை மூடியபடியே இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். அந்தப் பாட்டுக்கு நடுவே, அந்தக் கூடத்தில் எங்கள் மூன்று பேருக்கு மட்டுமே புரிகிற தமிழில் கேட்டாள்:

"அத்தை, நீ இருக்கியா?"

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அக்கா எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது கைப்பை திறந்தபடி தரையில் கிடந்தது. ஜெபமாலை வெளியே விழுந்திருந்தது. ரெஜினா நீலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டிருந்தாள். ஓரத்தில் நூல்வேலை செய்த, பீரோ வாசனை போகாத, கைக்குழந்தைக்கு அளவான வெள்ளைச் சால்வை என் மகளின் தலையையும் ஒரு தோளையும்தான் மூடியது. மீதியைப் பட்டுப்புடவை முந்தானை மூடியது.

"இருக்கேன்டி" என்றார் அக்கா. "தலையத் துவட்டு முதல்ல."